சக்கரம் யாருக்கு?

நாலடியாரின் ‘செல்வம் நிலையாமை’ அதிகாரத்தில் செல்வத்திற்கு மின்னலும் உவமை. வண்டிச் சக்கரமும் உவமை. இரண்டும் நிலையாமையையே குறிக்கும் என்று வகுப்பில் நெடுநாள் கற்பித்து வந்தோம். ஒருநாள், கூலித் தொழிலாளியின் மகள் ஒருத்தி, “எங்கள் பக்கம் எப்போது மேலே வரும், டீச்சர்?” என்று வினவினாள். விடையின்றி நின்றோம்.

வீடு திரும்பிப் பாடலை மீண்டும் படித்தோம். மின்னல் தோன்றி மறைவது. சக்கரமோ மறைவதில்லை, மேலிருப்பது கீழிறங்கும், கீழிருப்பது மேலேறும். செல்வம் வாய்த்தவனை நோக்கியே அவ்வுவமை எழுந்தது. எருதுகளின் உழைப்பால் விளைந்த உணவைப் பலரோடும் பகிர்ந்து உண்க என்பதே அதன் கட்டளை.

உவமையின் பொருளை வினவிய நாம், அது யாருக்கு உரைக்கப்பட்டது என்று வினவத் தவறினோம். மேலிருப்போரை எச்சரித்த சொல்லைக் கீழிருப்போர்க்கு ஆறுதலாக ஓதிவிட்டோம். இனி இப்பாடலைப் பிள்ளைகளுக்கு உரைக்குமுன், இன்று யாரோடு பகிர்ந்து உண்டோம் என நம்மையே கேட்போமாக.