நிழலா, வெயிலா?

மணிமுத்தாறு அணைப்பக்கம் கேம்பர் வேனில் தங்கினால் ஏசி ஓடுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூரையில் 500 வாட் சோலார் பேனல், நல்ல வெயிலுக்குச் சுமார் 2 யூனிட் தரும். சின்ன ஏசி மணிக்கு முக்கால் யூனிட் கேட்கும். ஆக, மூன்று மணி நேரம்கூட முழுசாக வராது. பேட்டரியைப் பெரிதாக்கலாம், அது சேமிக்கும், விளைவிக்காது. மருத மர நிழலில் நிறுத்தினால் சூடு குறையும், கரண்டும் போச்சு.

வீட்டில் இந்தச் சங்கடம் தெரிவதில்லை. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, சூட்டை இடம் மாற்றுகிறது. நம் அறைச் சூடு தெருவுக்கு. கரண்டுக்கான சூடு தூத்துக்குடி அனல்மின் நிலையத்துப் பக்கம் குடியிருப்பவருக்கு.

சொந்தப் பேனல் யாரையும் யோக்கியராக்காது. வேன் ஏசியின் அனலும் பக்கத்தில் நிற்பவர் மேல்தான் அடிக்கும். ஆனால் பேட்டரி தீர்ந்ததும் 'எவ்வளவு போதும்?' என்ற கேள்வி தானாக வருகிறது. வீட்டில் அதை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.