எதுக்கு வம்பு?

அமெரிக்காவில் மனநல ஆலோசகராகப் பயிற்சி பெறும் ஒரு கறுப்பின இளைஞர். மேற்பார்வை பார்ப்பவர் ஒரு வெள்ளைக்கார அம்மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுதுகொண்டு வந்தவரைப் பேசவே விடாமல் புத்திமதி சொல்லிக்கொண்டிருக்கிறார் இளைஞர். சுட்டிக்காட்டினால் நிறவெறி என்பார்களோ? 'எதுக்கு வம்பு' என்று 'நல்லா இருக்கு' சொல்லிவிடுகிறார் அம்மணி.

பெருந்தன்மையா இது? தன் நல்ல பேரைக் காப்பாற்றிக்கொள்கிறார், அவ்வளவுதான். அதற்கு விலை கொடுப்பவர் நாளை அந்த இளைஞரிடம் அழப்போகிறவர்.

1999-ல் கோஹன், ஸ்டீல், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கறுப்பின மாணவர்களின் கட்டுரையில் குறை மட்டும் சொன்னால், சொன்னவர் மீது சந்தேகம் வந்தது. பாராட்டைத் தடவிக் கொடுத்தும் போதவில்லை. 'எங்கள் அளவுகோல் உயரமானது, உங்களால் எட்ட முடியும்' என்று சேர்த்துச் சொன்னபோதுதான் திருத்தி எழுத ஆர்வம் வந்தது.

அம்மணியும் இதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கலாம். 'உங்களால் முடியும்' என்பதை அவர் நிஜமாகவே நம்புகிறாரா?