அட்டையின் பின்புறம்

ஒரு மனிதனின் வாழ்க்கையைப் பற்றி ஆறு வரி எழுத இடம் கொடுத்தால் எதை எழுதுவது நியாயம்? இதை நடை சம்பந்தப்பட்ட பிரச்னையாக, சுருக்கி எழுதும் சாமர்த்தியமாக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. நான் இதை ஒழுக்கப் பிரச்னையாகவே பார்க்கிறேன். இதைப் பற்றி யோசிக்க எனக்கு உதவியவை இலக்கியப் படைப்புகள் அல்ல. அமெரிக்காவில் முதலில் சிகரெட்டோடும் பிறகு பப்பிள்கம்மோடும் கிடைத்த பேஸ்பால் அட்டைகள்.

இந்த அட்டைகளின் பிறப்பில் புனிதம் ஒன்றுமில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிகரெட் பாக்கெட் நசுங்காமலிருக்க உள்ளே ஒரு கனத்த அட்டை வைத்தார்கள். வெறும் அட்டையாக இருப்பானேன் என்று அதில் படம் அச்சிட்டார்கள் - நடிகைகள், குத்துச்சண்டைக்காரர்கள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள். 1909 முதல் 1911 வரை வந்த, இன்று சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிற வரிசையில் பின்புறம் இருப்பது சிகரெட் விளம்பரம். முகம் ஆட்டக்காரனுக்கு, முதுகு கம்பெனிக்கு. 1911இல் வந்த இன்னொரு வரிசையில் பின்பக்கத்தில் ஆட்டக்காரனைப் பற்றிச் சில வரிகள் இடம் பெற்றன. 1933இல் கௌடி கம்பெனி பப்பிள்கம்மோடு கொடுத்த அட்டைகளிலும் இப்படிக் குறிப்பு இருந்தது. 1952இல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட வரிசை - ஸை பெர்கர் என்ற ஊழியர் ப்ரூக்ளினில் தன் வீட்டுச் சமையலறை மேஜைமேல் வைத்து உருவாக்கியது என்பார்கள் - பின்பக்கத்துக்கு ஒரு இலக்கணமே வகுத்தது. பிறந்த ஊர், உயரம், எடை, எந்தக் கையால் அடிப்பவன், எந்தக் கையால் எறிபவன், சென்ற ஆண்டின் எண்கள், வாழ்நாள் எண்கள், ஒரு பத்தி வாழ்க்கை.

அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பலருக்கு ஆட்டத்தின் சம்பளம் மட்டும் போதவில்லை. குளிர்காலத்தில் வேறு வேலை பார்த்தார்கள். 1950களின் அட்டைகளில் அந்த வேலையும் சில சமயம் குறிப்பில் வருகிறது. எண்களுக்குப் பக்கத்தில், அவற்றைப் போலவே, வியாக்கியானம் இல்லாமல் அது நிற்கிறது. இதைப் பிறகு கவனிக்க வேண்டியிருக்கும்.

எண்கள் மேல் நம் எழுத்தாளர்களுக்கு ஒரு அருவருப்பு உண்டு. மனிதனை எண்ணாக்கிவிட்ட நாகரிகத்தைப் பற்றி இந்த மாதிரிப் பத்திரிகைகளில் நிறையக் கவிதைகள் வந்துவிட்டன. நான் பகல் முழுவதும் எண்களோடு பிழைக்கிறவன். அவற்றுக்காகக் கொஞ்சம் பேசலாம். எண் முழு மனிதனைச் சொல்லிவிட்டதாக உரிமை கொண்டாடுவதில்லை. தான் சொல்லாதது இருக்கிறது என்பதை அதன் வறட்சியே தெரிவித்துவிடுகிறது. எண்ணிலும் அநீதி உண்டு, ஆனால் அது வேறு வகை. ஜோஷ் கிப்ஸன் கறுப்பர். கறுப்பர்களை மேஜர் லீகில் சேர்க்காத காலத்தில் ஆடியவர். 1947 ஜனவரியில் இறந்தார். மூன்று மாதம் கழித்து ஜாக்கி ராபின்ஸன் அந்தத் தடையைத் தாண்டி மைதானத்தில் இறங்கினார். கறுப்பர் லீக்குகளின் கணக்கு 2024 மே மாதம்தான் மேஜர் லீக் கணக்கோடு சேர்க்கப்பட்டது. டை காப் பெயரில் இருந்த வாழ்நாள் சராசரியின் முதலிடம், .372 என்ற எண்ணோடு, அப்போது கிப்ஸனுக்குப் போயிற்று. இறந்து 77 வருஷம் கழித்து. மிகவும் தாமதம், ஆனால் எண்ணில் இருந்த அநீதி எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது, திருத்தவும் முடிந்தது. உரைநடையின் அநீதிக்கு இப்படி ஒரு இடம் கிடையாது. அது வாக்கியத்தின் தொனியில் கரைந்து போயிருக்கும்.

1990களில் பள்ளியில் படித்த எங்களுக்குப் பெட்டிக்கடையில் கிடைத்தது ட்ரம்ப் கார்டு. மல்யுத்தக்காரர்களுக்கு உயரம், எடை, மார்பளவு. கிரிக்கெட்காரர்களுக்கு ஆடிய ஆட்டம், ரன், விக்கெட். வாழ்க்கைக் குறிப்பு இல்லை. எதிராளியின் சீட்டில் இருப்பதைவிடப் பெரிய எண் நம் சீட்டில் இருந்தால் அவன் சீட்டு நமக்கு. எண் அறிவதற்கு அல்ல, ஜெயிப்பதற்கு. அந்தக் கட்டில் எம். ஜே. கோபாலன் இருந்திருந்தால் எல்லோரும் கைமாற்றிவிடப் பார்க்கிற சீட்டாக இருந்திருப்பார். டெஸ்ட் 1, ரன் 18, விக்கெட் 1. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராக ஆடியது அந்த ஒன்று. அதே வருஷம் நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர். 1935இல் தியான்சந்தோடு நியூஸிலாந்து போன ஹாக்கி அணியிலும் இருந்தார். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கம் வென்றது. இங்கிலாந்தில் அவருக்கு ஒரு டெஸ்ட்டிலும் இடம் கிடைக்கவில்லை. 2003வரை வாழ்ந்தார்.

இவ்வளவு சொல்லியதும் அடுத்த வாக்கியம் தானாகவே வந்து வாசலில் நிற்கிறது - 'தவறான தேர்வால் தங்கத்தை இழந்தவர்' என்றோ, 'விதியின் விளையாட்டு' என்றோ. இந்த வாக்கியத்தைத்தான் நான் சந்தேகிக்கிறேன். அதற்கு முன்பு சொன்னவை எல்லாம் நடந்தவை. இது மட்டும் நடந்ததல்ல. வாசகன் கையில் எதையாவது கொடுத்து அனுப்பவேண்டும் என்ற அவசரத்தில் எழுதுகிறவன் ஒட்டுவது. அதற்குப் பிறகு கோபாலனின் 94 வருஷம் அந்த ஒரு தேர்வுக்கு உதாரணமாகச் சுருங்கிவிடுகிறது.

சேலத்துக்குப் பக்கத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த டி. நடராஜனுக்கு நடந்தது இதன் மறுபக்கம். வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். பிரிஸ்பேன் டெஸ்ட்டில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். இதை எழுதும்வரை அவருக்கும் டெஸ்ட் கணக்கு ஒன்றுதான். அப்பா தறித்தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கடை போட்டிருந்தவர் என்பதும் நிஜம். ஆனால் பத்திரிகைகள் எழுதிய சுருக்கத்தில் தறி ஒரு தொழிலாக வரவில்லை. வெளிச்சம் எடுப்பாகத் தெரிவதற்காகப் பின்னால் தொங்கவிட்ட கறுப்புத் துணியாக வந்தது. 'வறுமையை வென்ற' என்ற அடைமொழிக்கு அது தேவைப்பட்டது.

இதைப் பள்ளிபாளையத்தில் உட்கார்ந்து படிப்பது வேறு அனுபவம். இந்த ஊரில் தறிச் சத்தம் பின்னணி அல்ல, அதுதான் ஊர். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டில் நாடா மாற்றி, அறுந்த இழையை முடிந்து, வாங்கிய முன்பணம் தீராமல் அதே பட்டறையில் நிற்பவனின் மகனும் சாயங்காலம் காவிரிக்கரையில் பந்து வீசுகிறான். 'உழைப்பால் உயர்ந்தான்' என்று ஒருவனைப் பற்றி எழுதும்போது, உயராதவர்கள் உழைக்கவில்லை என்று மற்ற எல்லோரைப் பற்றியும் ஒரு வரி, மையில்லாமல், எழுதப்பட்டுவிடுகிறது. தப்பித்தவனின் குறிப்பில் தறி வருகிறது. விழுந்தவனின் குறிப்பிலும் வருகிறது. 2025 ஜூலையில் சிறுநீரகம் விற்ற விசைத்தறித் தொழிலாளர்களைப் பற்றிய செய்திகளில் இந்த ஊர் அடிபட்டது. அங்கேயும் கடன், வறுமை, விற்றான் என்று இரண்டு வரி. இப்போது பட்டறையில் நின்றுகொண்டிருப்பவனைப் பற்றி மட்டும் குறிப்பு இல்லை. அவன் எதற்கும் உதாரணமாக மாட்டான்.

சுருக்கம் எப்போதுமே இப்படித்தான் ஆகும் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படி இல்லை என்பதற்கு நம்மிடம் சாட்சி இருக்கிறது. செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்பவன், இன்னாருடைய ஆள், எருமைகளை ஒட்டி நடந்த பூசலில் பட்டான், அவனுடைய கல் என்கிறது எழுத்து. அவனுக்குப் பின்னால் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் பெயர் உண்டு - கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்துவிட்டுக் காத்து நின்றது என்று அதற்கும் ஒரு வரி. அத்தோடு முடிந்தது. வீரத்தின் மேன்மை பற்றியோ நாயின் நன்றி பற்றியோ ஒரு சொல் கிடையாது.

நடுகல்லை நான் கொண்டாடவில்லை. செத்தவனுக்குத்தான் கல், காயத்தோடு திரும்பி வந்து மாடு மேய்த்தவனுக்கு இல்லை. அந்த எருமைகளைக் கறந்தவளுக்கு இல்லை. சிகரெட் அட்டை கம்பெனிக்கு உதவியதுபோல் கல்லும் அந்தத் தலைவனுக்கு உதவியிருக்கும், அடுத்த பூசலுக்கு ஆள் வேண்டுமே. ஆனாலும் அதன் எழுத்தில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அவன் விழுந்த மண்ணில், அவனை அறிந்தவர்கள் மத்தியில் நட்டது அந்தக் கல். மீதியை அவர்கள் அறிவார்கள். சின்னப்பம்பட்டியில் நடராஜன் அமைத்து 2023இல் திறக்கப்பட்ட கிரிக்கெட் மைதானத்துக்கு வருகிற பையன்களுக்கும் 'வறுமையை வென்ற' என்ற அடைமொழி வேண்டியிருக்காது. அட்டையோ அந்நியர்களிடம் போகிறது. அந்நியனுக்கு மனிதனைத் தெரியாது என்பதால் அர்த்தத்தையாவது கொடுத்தனுப்புவோம் என்று தோன்றுகிறது. எனக்கு இதற்கு நேர்மாறாகத் தோன்றுகிறது: தெரியாதவனிடம் அனுப்பும்போதுதான் அர்த்தம் சொல்லாமலிருப்பது கடமை. நடந்ததைச் சொல்; நிரூபித்ததைச் சொல்லாதே. தறி வருமானால் தறியாக வரட்டும் - என்ன நெய்தார், எத்தனை மணி நேரம், என்ன கூலி - அந்தப் பழைய அட்டைகளில் குளிர்காலத்து வேலை வந்ததைப் போல.

இது எழுதுகிறவர்களுக்கு அந்நியமான விஷயம் அல்ல. கடன் கேட்டு வருகிறவரைப் பற்றி நான் நிரப்புகிற படிவத்தில் நாலைந்து வரிக்கு இடம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு ஆள் என் மேஜையைத் தாண்டி, அவரைப் பார்த்தே இராத ஒருவரிடம் போகிறார். நம் புத்தகங்களின் பின்னட்டையும் அதுதான். பிறந்த வருஷம், ஊர், தொகுதிகளின் எண்ணிக்கை - ட்ரம்ப் கார்டு. அதன் கீழே நண்பர் ஒருவர் எழுதிய பத்தி: 'கரிசலின் ஆன்மா', 'நகரத் தனிமையின் குரல்'. உயிரோடிருக்கும் ஒரு கவிஞனை அவனுடைய அடுத்த கவிதைக்கு முன்பே முடித்துவைக்கிற வேலை இது. பின்னட்டை எழுதுகிறவர்கள் எழுதி முடித்தபின் கடைசி வாக்கியத்தை ஒருமுறை அடித்துவிட்டுப் படித்துப் பார்க்கலாம். அந்த இடம் காலியாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.