காரணமில்லாத கருணையும் ஒரு பாயிண்ட் கார்டும்

உயரமான பையனுக்காக நான் யாரிடமும் போய்ப் பேச வேண்டியதில்லை. ஆறடி நாலங்குலம் வளர்ந்துவிட்டால் அவன் கம்பம் பஸ் ஸ்டாண்டில் சும்மா நின்றாலே போதும். யாராவது ஒருவர் வந்து, “தம்பி, பாஸ்கெட்பால் ஆடுவியா?” என்று கேட்டுவிடுவார். பஞ்சாபில் பல்லோ கே என்ற சிற்றூரில் விவசாயி மகனாகப் பிறந்த சத்னம் சிங்கை லூதியானா அகாடமிக்கு அழைத்துப் போனது அவருடைய உயரம்தான். ஏழடியைத் தாண்டி வளர்ந்த அவரை 2015-இல் அமெரிக்காவின் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி எடுத்தது. அந்நாட்டுத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் வீரர் தேர்வில் இடம்பிடித்த முதல் இந்தியர் அவர்.

பந்தை நடத்திக்கொண்டு போய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற கார்டுகளின் கதை வேறு. ஐந்தடி ஏழு, ஐந்தடி எட்டு. எங்கள் பக்கம் எந்தத் தெருவிலும் அந்த உயரத்தில் பத்துப் பையன்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவன் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே, அதைக் குனிந்து பார்க்காமல், எட்டு நொடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்டி, நான்கு பேரில் யார் காலியாக நிற்கிறான் என்று கண்டுபிடித்துக் கொடுப்பான். அந்தத் திறமை உடம்பில் எழுதி ஒட்டியிருக்காது. ஒருவர் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தால்தான் தெரியும்.

உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் சுருளிப்பட்டியில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிற எனக்கு, இதில் ஒரு முரண் நெடுநாளாக உறுத்துகிறது. உயரம் பிறப்பில் வந்தது. அதில் பையனின் பங்கு ஒன்றுமில்லை. கார்டின் ஆட்டமோ முழுக்க முழுக்க அவன் உழைப்பு. நியாயப்படி பார்த்தால், உழைப்பால் ஆனவனுக்கு அதிர்ஷ்டம் குறைவாகத்தான் தேவைப்பட வேண்டும். நடப்பது நேர் எதிர். பிறப்பால் வாய்த்தவனை உலகம் தானே பார்த்துவிடுகிறது. உழைத்தவனுக்குத்தான் ஒருவர் கண் திறந்து பார்க்கும் கருணை வேண்டியிருக்கிறது. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம், ஆள்வினைக்கு ஓர் அதிகாரம் என்று இரண்டையும் எழுதி வைத்தார். பள்ளி இலக்கிய மன்றத்தில் இரண்டாவதைப் பற்றி மட்டும்தான் பேசச் சொல்வார்கள்.

இது வெறும் விளையாட்டு விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. தமிழக அரசு வேலையில் 3 சதவீதம் உண்டு. இவை போக, அணி வைத்திருக்கும் தனியார் கல்லூரிகள் ‘ஃப்ரீ சீட்’ தருகின்றன: படிப்பு, ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து. கல்லூரி அணியில் ஆடினால் பல்கலைக்கழக அணி, அங்கிருந்து ரயில்வே, போலீஸ், வங்கி. திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குக் கவாத்து வெட்டுகிற ஒருவரின் மகனுக்கு அந்த ஃப்ரீ சீட் என்பது குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கணக்கை மாற்றுகிற சங்கதி.

ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் என் போன் அடிக்கும். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அறுபது வருடத்துக்கும் மேலாக நடத்திவரும் அகில இந்தியப் போட்டி மே மாதத்தில்தான். வங்கி அணிகள், கப்பற்படை, ரயில்வே எல்லாம் வந்து இரவு விளக்கில் ஆடும். எங்கள் பையன்களைக் கம்பத்தில் ஒரு பஸ், தேனியில் ஒரு பஸ் மாற்றி அங்கே கூட்டிப்போவேன், ஆட அல்ல, பார்க்க. கேலரியில் பக்கத்தில் உட்காருகிறவர் சில சமயம் ஏதாவது கல்லூரியின் கோச்சாக இருப்பார். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “சார், ப்ளஸ் டூ முடிச்ச நல்ல கார்டு ஒருத்தன் இருந்தா சொல்லுங்க.” ஒருத்தன். அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு வருடம் என்னிடம் ஒரே வகுப்பில் இரண்டு கார்டுகள் இருந்தார்கள். ஒருவன் தோட்டக் கூலியின் மகன், மற்றவன் டெய்லரின் மகன். ஒருவனை விட ஒருவன் மேல் என்று என்னால் சொல்ல முடியாது. அப்படிக் கேட்ட ஒரு கோச் நேரிலேயே வந்தார், ஒரு மணி நேரம் பார்த்தார், தோட்டத்துப் பையனை எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். “ரெண்டு பேரும் நல்லாத்தான் ஆடுறாங்க சார். எங்ககிட்ட இருக்கற ரெண்டு கார்டும் ரைட் ஹேண்ட். இவன் லெஃப்ட். எங்களுக்கு அதுதான் தேவை.” நேர்மையான பதில். பணமோ சாதியோ சிபாரிசோ அதில் இல்லை. ஆனால் அந்தக் காரணம் இரண்டு பையன்களுக்குள் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது எங்கோ ஒரு நகரத்துக் கல்லூரி அணியின் காலி இடத்தில் இருந்தது.

டெய்லர் மகனிடம் யாரோ இதைச் சொல்லிவிட்டார்கள். அவன் ஒரு வருடம் முழுக்க இடது கையால் பந்து தட்டினான், இடது கையால் லே-அப் போட்டான், சோற்றைக்கூட இடது கையால் பிசையப் போய் வீட்டில் அடி வாங்கினான். மறு வருடம் வந்த வேறொரு கோச், தூரத்திலிருந்து மூன்று பாயிண்ட் போடுகிற கார்டு வேண்டும் என்றார்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தாத்தா நினைவுக்கு வருவார். அவர் நாமம் போட்டவர். சுருளி பூதநாராயணரைச் சேவித்துவிட்டு வரும் வழியில் திண்ணையில் உட்கார்ந்து வைணவ விவாதம் பேசுவார். வைணவ ஆசாரியர்களான பிள்ளை லோகாசாரியாரும் வேதாந்த தேசிகரும் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. பெருமாளின் கருணைக்குக் காரணம் வேண்டுமா என்பதே அந்த விவாதம். வேண்டாம் என்றார் லோகாசாரியார். குட்டி ஒன்றும் செய்யாது, தாய்ப்பூனைதான் கவ்விக்கொண்டு போகும். தேசிகர், கருணை அவனுடையதே, ஆனாலும் அது இறங்க உயிரின் பக்கத்தில் ஒரு சிறு சாக்காவது வேண்டும் என்றார். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்கிற அளவுக்காவது. இல்லையென்றால் ஒருவனுக்கு அருளி இன்னொருவனை விட்டுவிட்ட பெருமாளுக்குப் பட்சபாதம் என்ற பழி வந்துவிடும் என்பது அவர் கவலை. (பூனைக் கட்சிக்காரரான லோகாசாரியார், திருவரங்கம் சூறையாடப்பட்டபோது உற்சவ மூர்த்தியைத் தானே தெற்கே கொண்டுவந்து மதுரைக்குப் பக்கத்து ஜோதிஷ்குடியில் உயிர்விட்டார். அன்றைக்குக் குட்டிதான் தாயைக் கவ்விக்கொண்டு ஓடியது என்று தாத்தாவிடம் சொன்னால் குச்சியை எடுப்பார்.)

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரும் இதே கேள்வி ஊறிய மரபிலிருந்து வந்தவர். ஜேம்ஸ் நெய்ஸ்மித் கனடாக்காரர், இறையியல் படித்தவர், பின்னாளில் 1916-இல் பிரெஸ்பிட்டீரியன் சபையில் குருவானவர். யாரை மீட்பது என்பதைக் கடவுள் தன் சித்தத்தால் மட்டுமே தேர்ந்துகொண்டார், மனிதனின் நற்செயல் அதற்குக் காரணமில்லை என்பது அந்தச் சபையின் மூதாதையான கால்வினின் போதனை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் அவர் பீச் பழக்கூடைகளை மாடத்தின் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. அதனால்தான் இன்றைக்கும் வளையம் 10 அடி. கட்டடம் கட்டிய கொத்தனார் இரண்டடி தாழ்த்திக் கட்டியிருந்தால் யார் ‘உயரமானவன்’ என்ற கணக்கே வேறாகியிருக்கும், எங்கள் பையன்கள் பலர் உயரமானவர்களுக்கான சென்டர் இடத்தில் ஆடியிருப்பார்கள். அதே ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய கல்லூரிதான் எங்கள் பி.டி. வாத்தியார் தொழிலுக்கே தாய்வீடு.

ஆட்டத்துக்குள் பார்த்தால் நான் தேசிகர் கட்சி. பாஸ் என்பது கொடுக்கிறவனின் தயவு. ஆனாலும் வாங்குகிறவன் ஓடி வந்து காலியான இடத்தில் நிற்க வேண்டும், கையை விரித்து வைத்திருக்க வேண்டும். நின்றதற்குக் கூலியாகப் பந்து வருவதில்லை. எத்தனையோ தடவை ஓடியும் வராது. ஆனால் நிற்காதவனுக்கு வரவே வராது. தேசிகர் சொன்ன சாக்கு இதுதான் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. அவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

செலக்‌ஷன் என்று வரும்போது என் மனம் லோகாசாரியார் பக்கம் சாய்கிறது. காரணம், டெய்லர் மகன். “உழைச்சான், கிடைச்சது” என்ற தத்துவம் தேர்வானவன் வாய்க்கு இனிக்கும். தேர்வாகாதவனுக்கு அதே வாக்கியம், “நீ உழைச்சது போதலை” என்று திரும்பி வந்து அடிக்கிறது. அது பொய்யான அடி என்பதுதான் கொடுமை. இரண்டு பேரும் ஒரே அளவு உழைத்தவர்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கருணைக்குக் காரணம் உன்னிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டால், கிடைத்தவன் தலை கொஞ்சம் குனியும், கிடைக்காதவன் தலை கொஞ்சம் நிமிரும்.

உடனே ஒரு ஆபத்தும் தெரிகிறது. கோச் பெருமாள் இல்லை. ‘காரணம் கேட்காதே, என் சித்தம்’ என்று ஒரு மனிதன் சொல்லத் தொடங்கினால் அந்தச் சித்தத்துக்குள் யாருடைய மைத்துனன் மகன் உட்கார்ந்திருக்கிறான் என்று நமக்குத் தெரியும். எல்லா விருப்பமும் நிறைவேறிய ஒருவனுக்குத்தான் காரணமில்லாமல் கொடுக்கிற உரிமை உண்டு. அணியில் இடது கைக்காரன் இல்லாத மனிதன் தேவையில் இருக்கிறவன். தேவையில் இருக்கிறவன் செய்வது வியாபாரம், அதற்குக் கணக்குக் காட்டித்தான் ஆக வேண்டும்.

தாத்தா சொன்னதில் இன்னொரு பாதி உண்டு. அதைச் சிறுவயதில் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை, இப்போதுதான் உறைக்கிறது. லோகாசாரியார் மரபில் உயிர் பெருமாளின் சொத்து. சொத்து தொலைந்தால் நஷ்டம் யாருக்கு? உடையவனுக்கு. தேடி அலைய வேண்டியவன் யார்? உடையவன். தொலைந்த நகை தானாக எழுந்து வீட்டுக்கு வராது. ஆகக் காரணமில்லாத கருணை என்பதை நாற்காலியில் சாய்ந்துகொண்டு யாரையோ சுட்டிக்காட்டுகிற அலட்சியமாக லோகாசாரியார் நினைக்கவில்லை. தேடுகிற பொறுப்பு முழுவதையும் தேர்ந்தெடுப்பவன் தோளில் ஏற்றிவைத்த கொள்கை அது.

மனிதனுக்கு இதில் பொருந்துவது அந்தப் பாதி. காரணமில்லாமல் எடுக்கிற உரிமை நமக்கு இல்லை, தேடுகிற கடமை உண்டு. அமெரிக்காவின் மக்ஸி போக்ஸ் என்ற கார்டு ஐந்தடி மூன்றங்குலம். பால்டிமோரில் டன்பார் உயர்நிலைப் பள்ளியில் ஆடிய அவரை வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் எடுத்தது. அதன்பின் என்.பி.ஏ.வில் 14 பருவங்கள் ஆடினார். அந்த உயரத்தில் ஒருவனைப் பத்திரிகைக் குறிப்பிலோ அளவு அட்டவணையிலோ கண்டுபிடிக்க முடியாது. அவன் ஆடுகிற இடத்துக்குப் போய் உட்கார வேண்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் அப்படிப் போய் உட்காருகிறவர்கள் இன்னும் குறைவு. எங்கள் கோர்ட்டிலும் சாயங்காலம் ஆறு மணியானால் அவர்களை வீட்டிலிருந்து கூப்பிட வந்துவிடுவார்கள். பாதி ஆட்டத்தில் போகிற கார்டை எந்த கோச் பார்ப்பார்?

ஆகவே இப்போதெல்லாம் போனில் பெயர் கேட்டால் நான் சொல்வதில்லை. “சுருளிப்பட்டிக்கு வாங்க சார். ரெண்டு சாயங்காலம் இருங்க. எல்லாப் பிள்ளைகளையும் பாருங்க. காலையில அருவியில குளிச்சிட்டுப் போகலாம்” என்பேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். “டைம் இல்ல சார், ஒரு வீடியோ அனுப்பிவிடுங்க.” போனில் எடுக்கிற வீடியோ பந்தின் பின்னாலேயே ஓடும். நல்ல கார்டின் வேலை பந்து இல்லாத பக்கம் நடக்கிறது. அவன் தலை திரும்புவதையும், கண் ஓரத்தில் ஒருவனைக் குறித்துக்கொள்வதையும் எந்தப் பையன் எடுத்த வீடியோவிலும் நான் கண்டதில்லை. அனுப்பமாட்டேன் என்று சொன்னதால் இரண்டொருவர் கோபித்துக்கொண்டார்கள். சிலர் வந்தார்கள். ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனை எழுப்பி ஆடச் சொல்லிப் பார்த்தார்.

டெய்லர் மகன் இப்போது கம்பத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். வாரத்தில் சில நாள் வந்து சின்னப் பிள்ளைகளுக்கு டிரிப்ளிங் சொல்லித்தருகிறான், இரண்டு கையாலும். இந்த விவாதத்தை அவனிடமும் ஒருநாள் விரித்தேன். பூனை, குரங்கு, தொலைந்த சொத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

“சரி சார், தேடுறது அவங்க பொறுப்புங்கறீங்க. மேகமலை எஸ்டேட்ல ஒரு பையன் பந்து தட்டிக்கிட்டு இருக்கான்னு வைங்க. அவனுக்கு உங்கள மாதிரி ஒரு வாத்தியார் இல்ல, கோச் நம்பர் இல்ல. அவன யாரு சார் தேடுவா?”

பெருமாளுக்கு மேகமலை தூரமில்லை என்று லோகாசாரியார் பதில் சொல்லிவிடுவார். மலைச்சாலை வளைவுகளில் ஏறி இறங்க வேண்டிய எங்களிடம் அந்தப் பதில் இல்லை. அவனிடம் அதைச் சொன்னேன். “அப்ப பஸ் டைம் பாருங்க சார்” என்றான்.