கொளஞ்சி: முருகனுக்குப் பேர் கொடுத்த செடி



நம்ம கடலூர் மாவட்டத்துல மரத்தின் பேரில் ஊர் இருப்பது புதுசு இல்லை. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்தது தில்லை மரத்தால். அந்த மரத்தை இன்றைக்கும் பிச்சாவரத்துல பார்க்கலாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்குப் பேர் கொடுத்தது பாதிரி மரம். இரண்டுமே தலவிருட்சம், கோயில் மரியாதை உள்ளவை.

ஆனா விருத்தாசலம் பக்கத்துல மணவாளநல்லூர்ல ஊர் பேர் வாங்கலை, சாமியே வாங்கிக்கிட்டார். அதுவும் வரப்போரத்துல தானா முளைக்கிற ஒரு செடிகிட்ட இருந்து. கொளஞ்சியப்பர்!

இதை இப்போ எழுதக் காரணம் இருக்கு. சிதம்பரத்துல கட்டிக்கொடுத்த எங்க அக்காவுக்கு ஏழு வருஷம் குழந்தை இல்லை. அம்மா மணவாளநல்லூர் போய்ப் பிராது கட்டினாங்க. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: குறையைக் காகிதத்துல மனுவா எழுதி, சாமி முன்னால வெச்சு, முனியப்பர் சன்னதியில கட்டணும். நிறைவேறினதும் திரும்ப வந்து பிராதை வாபஸ் வாங்கணும். அக்காவுக்குப் பையன் பிறந்தான். கொளஞ்சின்னு பேர் வைக்கிறதா அம்மா வேண்டியிருந்தாங்க. அங்கேதான் சிக்கல். “மச்சான், ஸ்கூல்ல பசங்க சிரிப்பாங்கடா. அந்தப் பேருக்கு அர்த்தமாவது என்னன்னு எழுதி அனுப்பு, பார்க்கலாம்”னு மாமா சொல்லிட்டார். மாமா, இதோ அர்த்தம்.

கொளஞ்சி முழங்காலுக்கு மேல கொஞ்சம் வளரும். பூ ரொம்பச் சின்னது, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம், அவரைப் பூ மாதிரி வடிவம். காய் தட்டையா, லேசா வளைஞ்சு இருக்கும். அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடிச்சு இழுங்க. நேரா கிழியாது, நரம்பு போற வழியில கூரா, வேல் முனை மாதிரி பிய்ந்து வரும். வடமொழியில இதுக்குச் சரபுங்கம்னு பேர், அம்பின் இறகுப் பகுதின்னு பொருள். அவங்களுக்கு அம்பு தெரிஞ்சிருக்கு, எனக்கு வேல் தெரியுது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தலவரலாறு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கொளஞ்சிப் புதர் மண்டிய காட்டுல ஒரு பசு தினமும் போய்த் தானா பால் சொரிஞ்சது. விலக்கிப் பார்த்தா பலிபீடம் போல ஒரு கல். இன்றைக்கும் மூலவருக்கு முகம், கை, கால் கிடையாது. இதுல நான் ரசிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. மாடு கொளஞ்சியை விரும்பித் தின்னாது, விவசாயிகளைக் கேட்டுப் பாருங்க. அப்போ அந்தப் பசு மேய்ச்சலுக்காக அங்கே போகலை. கொடுக்கத்தான் போயிருக்கு.

செடியும் அதே ஜாதிதான். அறுவடை முடிஞ்ச வயல்ல, மழை இல்லாமலே தாக்குப்பிடிச்சு வளரும். வேர் முடிச்சுகள்ல குடியிருக்கிற நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிச்சுச் சேர்க்கும். அடுத்த நடவுக்கு முன்னால அப்படியே மடக்கி உழுதுடுவாங்க. பசுந்தாள் உரம். யூரியா மூட்டை வருவதற்கு முன்னால நம்ம நெல்லுக்குச் சோறு போட்டதுல இதுக்கும் பங்கு உண்டு. சித்த வைத்தியத்துல வேரை வயிறு, கல்லீரல், மண்ணீரல் கோளாறுகளுக்குச் சேர்ப்பாங்க. (வைத்தியரைக் கேட்காம யாரும் கஷாயம் போட்டுக் குடிச்சுடாதீங்க.)

இன்னொண்ணு. புத்தகத்துல இந்தச் செடிக்குக் கொழிஞ்சின்னு பேர். ‘கொளஞ்சி’ங்கிறது நம்ம வாய்ப்பேச்சு. “கொழிஞ்சியப்பர்னு திருத்தி எழுதினா என்ன?”ன்னு ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம்ங்க! கார்த்திகைப் பெண்கள் வளர்த்ததால கார்த்திகேயன், சரவணப் பொய்கையில பிறந்ததால சரவணபவன். யார்கிட்ட இருந்தாரோ, எங்கே இருந்தாரோ, அந்தப் பேரைச் சுமக்கிறது நம்ம முருகனுக்கு வழக்கம். இங்கே மாடு மேய்ச்சவங்க வாயில வந்த ‘ள’வோடயே அவர் பேரை ஏத்துக்கிட்டார். எங்க வேலையில கோடுக்குள்ள ஒரு பேரை மாத்தினா எங்கெங்கே உடையும்னு தேடணும். இந்தப் பேரை மாத்தினா விருத்தாசலம் வட்டாரத்துல எத்தனை கொளஞ்சி, கொளஞ்சிநாதன், கொளஞ்சியம்மாள்னு யோசிச்சுப் பாருங்க.

மாமா, பிறப்புச் சான்றிதழுக்கு எந்தப் பேர் கொடுத்தாலும் சரி, வீட்டுல கூப்பிட இது போதும்னு அம்மா இறங்கி வந்துட்டாங்க. நான் இறங்கலை. நம்பர் பார்த்து வெச்ச பேரைவிட, நிலத்துக்கு உரமான பேர் பையனுக்கு நல்லா நிற்கும்.

வர்ற கிருத்திகைக்கு எல்லோரும் பிராதை வாபஸ் வாங்க மணவாளநல்லூர் போறோம். அன்பர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தா, தரிசு ஓரத்துல அந்த ஊதாப் பூ கண்ணுல படுதான்னு பாருங்க. ஒரு இலையை இழுத்துப் பாருங்க, செடியைப் பிடுங்காதீங்க, விதை விழட்டும்.

கொளஞ்சியப்பருக்கு அரோகரா! வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!