குடியும் தனிமையும்: ஓர் அறவியல் நோக்கு

தன் கேட்டினைத் தானே தேடிக்கொள்ளும் மனிதனைத் தடுக்கும் உரிமை அரசுக்கு உண்டா என்பது மெய்யியலாளர் நெடுங்காலமாக விவாதித்துவரும் வினாவாகும். 1859இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய நூலில் ஜோன் ஸ்ருவேட் மில், பிறருக்கு விளையும் தீங்கைத் தடுப்பதற்கன்றி, ஒருவனது சொந்த நன்மையின் பொருட்டு அவனை வற்புறுத்தலாகாது என வாதிட்டார். மதுவிலக்குச் சட்டங்களையும் அந்நூலிலேயே கண்டித்தார். வள்ளுவரோ குடியைக் கடிந்தவர். ஆயினும் திருக்குறளிற் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே சூது என்னும் ஓர் அதிகாரமே நிற்கின்றது என்பது கருதத்தக்கது. குடி குற்றமா, நோயா என்ற ஐயம் 2020ஆம் ஆண்டில் உயிர்ப் பிரச்சினையாகவே எழுந்தது.

அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில், கொரோனாத் தொற்றைத் தடுக்கும்பொருட்டு இந்தியா முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, மதுக்கடைகளும் மூடப்பட்டன. கேரளத்தில், மது கிடையாத துயரால் சிலர் தற்கொலை செய்துகொண்டதாகச் சில நாட்களுள்ளேயே செய்திகள் வெளிவந்தன. மார்ச் 30ஆம் நாள் மாநில அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. குடியை நிறுத்தியதால் நோயுற்றவர் என அரசாங்க வைத்தியர் எழுதிக்கொடுப்பின், மதுவரித் திணைக்களத்தின் அனுமதியுடன் அவருக்கு மது வழங்கலாம் என்பதே அது. வைத்தியர்கள் வெகுண்டெழுந்தனர். ஏப்ரில் 2ஆம் நாள் உயர் நீதிமன்றம் அவ்வாணையை இடைநிறுத்தியது.

நெடுநாட் குடியர் திடீரென நிறுத்தும்போது கை நடுங்கும், உறக்கம் கெடும், முதலிரு நாட்களுள் வலிப்பு வரலாம். அதன்பின் இல்லாதனவற்றைக் கண்டு பிதற்றும் நிலை தோன்றி, கவனியாதுவிடின் உயிரையும் பறிக்கலாம். இதற்குப் பென்சோடயசெப்பின் வகை மருந்துகளும் தயமின் என்னும் விற்றமினும் உள்ளன. மதுவை மருந்தாக எழுத மறுத்த வைத்தியர் கூற்று மருத்துவ நெறிப்படி சரியே. ஆயின், "குடியன்தானே, கிடந்து திருந்தட்டும்" எனக் கதவைச் சாத்தியோரிடம் இல்லாத இரக்கம் அந்தத் தவறான ஆணையில் இருந்தது. கடையை மூடிய நாளிலேயே சிகிச்சைக்கு வழிகாட்டியிருப்பின் அவ்வாணைக்குத் தேவையே எழுந்திராது. மில் கருதிய மனிதன் தெரிவு செய்ய வல்லவன். நடுங்கும் கையுடையவனோ அவ்வல்லமையை இழந்தவன். அவனுக்குச் சுதந்திரத்தைப் போதிப்பதும் ஒழுக்கத்தைப் போதிப்பதும் ஏறக்குறைய ஒன்றே.

கடைகளைத் திறந்துவிட்டால் தீருமா எனின், அதுவும் இல்லை. பிரித்தானியாவில் மதுச்சாலைகள் மூடப்பட்டன. வீட்டுக்கு மது விற்கும் கடைகளோ அத்தியாவசியமானவையெனத் திறந்திருந்தன. மதுவை நேரடிக் காரணமாகக் கொண்ட இறப்புகள் அங்கு 2019இல் 7,565 ஆக இருந்து 2020இல் 8,974 ஆக உயர்ந்தன. இவற்றுட் பெரும்பாலானவை ஈரல் நோயால் நேர்ந்தவை. அந்நோய் ஓரிரு மாதங்களில் முளைப்பதன்று. ஆகவே இறந்தோரிற் பலர் முன்னரே குடியில் ஆழ்ந்திருந்தோர் எனவே கொள்ளவேண்டும்.

மதுச்சாலையைப் புகழ்வது எவர்க்கும் ஒவ்வாது. எனினும் அங்கே மூடும் நேரம் ஒன்றிருந்தது. "போதும், வீட்டுக்குப் போ" என்று சொல்ல ஒருவரேனும் இருந்தார். அச்சமும் வேலையிழப்பும் சூழ்ந்த தனியறையில் அவ்விரண்டும் இல்லை. மாலையில் தொடங்கிய குடி நண்பகலுக்கு நகர்ந்ததை அறிந்தவர் குடித்தவர் ஒருவரே. அயலார்க்குத் தெரிந்ததெல்லாம் சாத்திய கதவுதான். சட்டத்துக்கு அடங்கி வீட்டிலிருக்கும் நல்ல குடிமகன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர்.