சாரிட்டியும் லவ்வும்

பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தை ஆங்கில விவிலியங்களில் ஒப்பிட்டு நோக்கினால், பதிப்புக்கேற்ப ஒரு சொல் மாறி நிற்பதைக் காண்போம். கத்தோலிக்கர் 1582இல் ரெய்ம்ஸ் நகரில் வெளியிட்ட புதிய ஏற்பாட்டிலும், 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பிலும் அது 'சாரிட்டி'. 1526இல் டிண்டேல் பெயர்த்ததிலோ 'லவ்'. 1881ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பும் 'லவ்' என்பதற்கே திரும்பியது. மூலக் கிரேக்கச் சொல் 'அகாப்பே' ஒன்றே.

'சாரிட்டி' இலத்தீனின் 'காரித்தாஸ்' வழி வந்தது. அச்சொல்லுக்கு அன்பு என்றும் விலையேற்றம் என்றும் இரு பொருள் உண்டு. கிடைத்தற்கரியதே நெஞ்சுக்கு இனியது என்னும் இவ்வுணர்வு நமக்கும் புதிதன்று. 'அருமை மகன்' என்கிறோம் அல்லவா? டிண்டேல் இச்சொல்லைக் கைவிட்டதைப் புனித தாமஸ் மூர் 1529இல் கடுமையாகக் கண்டித்து எழுதினார். 'லவ்' நல்லன்புக்கும் இச்சைக்கும் பொதுவானது. 'சாரிட்டி'யோ நெறிப்பட்ட அன்பையே குறிக்கும் என்பது அவர் வாதம். அக்காலத்துக்கு அது பொருந்தும்.

ஆயின் சொற்கள் நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. ஈகை என்னும் பொருள் இடைக்காலத்திலேயே 'சாரிட்டி'யில் இருந்தது. நாளடைவில் ஈகை மட்டும் எஞ்ச, அன்பு கழன்றுபோயிற்று. இன்று இங்கிலாந்தில் 'சாரிட்டி' என்றால் அறநிறுவனம். 'சாரிட்டி கடை' என்றால் பிறர் கொடுத்த பழந்துணி விற்குமிடம். 'எனக்குச் சாரிட்டி வேண்டாம்' என்று ஏழை சொல்வது தன்மானத்தின் மொழி. குளிருக்குச் சாரிட்டியை உவமை கூறும் வழக்கும் அங்கு உண்டு! வாங்குபவரின் முகத்தைப் பாராமல் கொடுத்த கைகளின் வரலாறே இவ்வழக்கில் உறைந்திருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

இதன் விளைவை அவ்வதிகாரத்தின் 3ஆம் வசனத்தில் காணலாம். உடைமை யாவற்றையும் வழங்கிவிட்டாலும் அன்பு இல்லையேல் பயனில்லை என்கிறார் பவுலடியார். பழைய பதிப்பைக் கையிலெடுக்கும் இன்றைய ஆங்கிலேயர் திகைப்பார்: அனைத்தையும் ஏழைகளுக்கு ஈந்தவரிடம் 'சாரிட்டி' இல்லாமற் போவது எங்ஙனம்? வசனம் எதை வேறுபடுத்திக் காட்ட வந்ததோ, அதையே சொல் குழப்பிவிட்டது. 'லவ்'வுக்குத் திரும்பியது தவிர்க்க இயலாதது.

ஆயினும் மூரின் அச்சம் பொய்க்கவில்லை. ஐஸ்கிரீமையும் பந்தாட்டத்தையும் 'லவ்' செய்யும் மொழி அது. அவ்வதிகாரம் அங்கே திருமணங்களில் விரும்பி வாசிக்கப்படுகிறது. கேட்போர் நினைவு மணமக்களிடமே செல்கிறது. அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பவுலடியார் எழுதியது மணமக்களுக்கன்று, தமக்குள் பிளவுபட்டிருந்த ஒரு திருச்சபைக்கு. இரண்டு அதிகாரங்களுக்கு முன்புதான், ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடியவர்களுள் சிலர் முந்திக்கொண்டு உண்டு குடித்திருக்க, இல்லாதவர் பசியோடு இருந்ததை அவர் கண்டித்திருக்கிறார்.